பிடியை விடாத கண்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எழுத வந்தது என் மகளுடைய கண்ணைப் பற்றி. அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. ஹாலிஎலைக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மனைவி கொழுந்து எடுக்கிறாள். நான் தேயிலை ஸ்டோரில் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பிக் காயவைக்கும் வேலை. அங்கே காற்றாடிச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு ஏற்ற வேலை.

மகள் பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் இருந்தாள். அந்த மாதங்களில் போனைப் பார்த்து ஆரி வேலை பழகினாள். கல்யாணப் பெண்கள் போடும் ஜாக்கெட்டின் கையிலும் முதுகிலும் மணியும் ஜரிகையும் வைத்துத் தைக்கிற வேலை அது. துணியை மரச்சட்டத்தில் தப்பு மேளத்தின் தோல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். நுனி வளைந்த ஊசியால் ஒவ்வொரு மணியாகக் குத்தி இறக்க வேண்டும். மணி கடுகைவிடச் சின்னது. அவள் விரல் சுறுசுறுப்பானது. முதல் ஜாக்கெட்டைப் பண்டாரவளையில் ஒரு சீலைக்கடை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அந்த அம்மா கண்ணாடி வளையலைத் தொடுகிற மாதிரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் எங்கள் கடை வேலையை இந்தப் பிள்ளைக்கே தருகிறேன் என்றார்.

துணியை வாங்கிவருவதும் முடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போவேன்.

இங்கே என் குணத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு முடியாது என்று சொல்ல வராது. இரண்டு யூனியன்காரர்கள் ஒரே நாளில் இரண்டு கூட்டத்துக்குக் கூப்பிட்டால் இரண்டு பேரிடமும் வருகிறேன் என்பேன். பிறகு இரண்டுக்கும் போகாமல் ஸ்டோருக்குள்ளேயே இருந்துகொள்வேன். பெண் பார்க்கப் போன அன்று நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாப்பிள்ளை ஊமை, அதை மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று என் மனைவி பயந்தாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டு பலரிடம் சொல்லியிருக்கிறாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆவணி முகூர்த்தம் நெருங்கியபோது கடை அம்மா ஒரு பையோடு இன்னொரு பையையும் நீட்டினார். புள்ளைக்கு முடியும்தானே அண்ணே என்று கேட்டார். சரிங்கம்மா என்றேன். அன்று காலையில்தான் மகள் என்னிடம், ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வாங்கப்பா, கண்ணெல்லாம் வலிக்குது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டாவது பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டில், கடை அம்மா வற்புறுத்திக் கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. கேட்டார், அவ்வளவுதான். அடுத்த வாரமும் அப்படியே ஆனது.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்கள் காம்பராவுக்கு ஒரே ஜன்னல். அதுவும் கூரைத் தகரம் தாழ்ந்து வெளிச்சத்தை மறைக்கும். பகலில் ஜன்னலோரம், இருட்டிய பிறகு பல்புக்குக் கீழே, அவள் சட்டத்தின் மேல் கவிழ்ந்து கிடப்பாள். மூக்கு துணியைத் தொடும். நிமிர்ந்து உட்காரு மகள் என்று நான் ஒருநாள்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு குனிந்து வேலை செய்கிறாளே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

முதலில் தெரிந்தது ஒரு சாயங்காலத்தில். எதிர்மலையில் பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரிசையாக இறங்குவது எங்கள் வாசலில் இருந்து தெரியும். அம்மா தலை தெரிந்ததும் மகள் கேத்தலை அடுப்பில் வைப்பாள். அன்றைக்கு அவள் என்னைப் பார்த்து, அதுல அம்மா எதுப்பா என்று கேட்டாள். மஞ்சள் துண்டு கட்டியிருக்கிறாளே என்றேன். மஞ்சளாகத் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்றாள். மறுநாள் காலையில் அதே மலையில் மேயும் மாட்டைக்கூட அடையாளம் சொன்னாள். அதனால் களைப்பு என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள் பஸ் நிற்குமிடத்தில் தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லி என்னைக் கேட்டாள். படிச்ச புள்ள படிக்காதவன்கிட்ட கேக்குதா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

தூரம் தெரியவில்லை என்றால் கண்ணாடி போட வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பண்டாரவளையில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனேன். ஒரு பெட்டிக்குள் பார்க்கச் சொன்னார்கள். நீளமான ரோடு, ரோட்டு முடிவில் ஒரு பலூன் தெரிகிறது என்றாள். பெட்டி ஒரு துண்டுக் காகிதத்தைத் துப்பியது. அதைப் பார்த்துவிட்டுக் கடைப் பையன், தூரப் பார்வைதான் குறைவு, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றான். அவன்மேல் குறை சொல்லமாட்டேன். அந்தப் பெட்டி சொன்னதைத்தான் அவனும் சொன்னான்.

நான் எழுதக் கூசுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அவள் கண்ணாடி போட்டு நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் தோட்டத்தில் கண்ணாடி போட்டவர்கள் என்றால் டீமேக்கர் ஐயா, டிஸ்பென்சரி ஐயா, பள்ளிக்கூட அதிபர். கண்ணாடி படித்த முகத்தில்தான் வந்து உட்காரும் என்று சின்ன வயதில் இருந்தே எனக்குள் ஒரு நினைப்பு. பிள்ளைக்கு ஒரு குறை வந்திருக்கிறது என்று வருந்த வேண்டியவன், கண்ணாடிக் கடை முகம் பார்க்கும் ஆடியில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் என் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் இறங்கியதும் குறுக்குப் பாதையை விட்டு, எல்லா லயத்து வாசலையும் தாண்டிப் போகிற பெரிய பாதையில் அவளை நடத்திக்கொண்டு போனேன்.

பக்கத்துக் காம்பரா அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார்.

"என்னா டீச்சரம்மா, இனிமே மாப்பிள்ளையும் கண்ணாடி போட்டவனாத்தான் தேடணும் போலருக்கு."

"மொதல்ல ஒங்க அரிசியில கல்லு இருக்கு, அதப் பொறுக்குங்க அக்கா" என்றாள் மகள். கண்ணாடி போட்ட அன்று அவளுக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது.

சில வாரங்கள்தான். பிறகு கண்ணாடிக்குள்ளேயே மறுபடி மங்கல். அதே கடையில் இன்னும் கனமான கண்ணாடி போட்டார்கள். அந்தக் கண்ணாடியோடுதான் அவள் மணி கோத்தாள். தலைவலி வந்தது. நெற்றியில் தைலம் தடவி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தைப்பாள். ஒருநாள் சட்டத்தில் இருந்து எழுந்து போய் வாசல் சாக்கடைக் கானோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அன்றைக்கு என் மனைவி என்னைப் பார்த்து, "கடைக்காரன் கண்ணாடி விப்பான். கண்ணப் பாக்குறதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டியது.

பதுளை ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு முதல் பஸ்ஸில் போனோம். நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். நர்ஸ் மிஸ் ஒருவர் வந்து மகளுடைய கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடியிருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பார்த்தார்கள். வெளிச்சம் கூசுகிறது என்றதால் அவளைக் கதவோரப் பெஞ்சில் கண்ணை மூடி உட்காரவைத்துவிட்டு, டொக்டர் என்னை அழைத்தார். இளம் வயது. சிங்களப் பெண். முகத்தில் சலிப்பே இல்லை.

அவர் நிறையப் பேசினார். நான் பேசுவது கடைச் சிங்களம். ஒரு கிலோ கிழங்கு, பஸ் எத்தனை மணிக்கு, அவ்வளவுக்குத்தான் காணும். அவர் தன் கையைப் பொத்திக் காட்டினார். பிறகு விரலை மெல்ல விரித்துக் காட்டினார். கண்ணாடி வேண்டாம் என்பது விளங்கியது. இரவில் ஒரு சொட்டு, ஒரு மாதம் கழித்து வா என்பதும் விளங்கியது. மற்றதெல்லாம் காதோரமாகப் போய்விட்டது. இடையிடையே அவர் என்னைப் பார்த்து, "தேருணாத?" என்று கேட்டார். விளங்கிச்சா என்று கேட்கிறார். "ஹரி நோனா" என்றேன், சரிங்கம்மா என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் ஹரி நோனா என்றேன். தமிழ் தெரிந்த மிஸ் ஒருவர் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். அது எனக்கு நன்றாக விளங்கியது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். இத்தனை நேரம் ஹரி ஹரி என்றவன் இப்போது ஒன்றும் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது.

துரைமார் முன்னால் சரிங்க என்று சொல்லிப் பழகிய வாய் இது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார். கேள்வி கேட்டால் திமிர் என்று நினைப்பார்கள், தலையாட்டினால் நல்லவன் என்பார்கள். அங்கே அது எங்களைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியிலும் அதையே செய்தேன்.

அன்று ராத்திரி என் மனைவி மகள் கண்ணில் மருந்தை விட்டாள். காலையில் மகள் எழுந்து போனை எடுத்தாள். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அவள் கண்ணைப் பார்த்து நான் பயந்துபோனேன். கருமணி விரிந்து கண் முழுவதும் கறுப்பாக இருந்தது. கதவைத் திறந்ததும் கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அப்பா, என் கை ரேகை தெரியல."

மனைவி கையில் இருந்த ரொட்டி மாவோடு ஓடிவந்தாள். மகள் அழவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்புடி ஆகும்னு டொக்டர் எதாச்சும் சொன்னாங்களாப்பா?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரம் பேசினாரே, இதையும் சொல்லியிருப்பார். எனக்கு விளங்கவில்லை மகள், போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு பஸ் தூரம். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்த பக்கத்துக் காம்பரா அக்காவும் வாசலில் நின்றார்.

"ஒண்ணும் சொல்லல மகள்" என்றேன்.

அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரி மருந்து கண்ணைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து நம்பப் பார்த்தேன். மருந்தை நிறுத்தினோம். பார்வை திரும்பினால் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக மனைவி வேண்டிக்கொண்டாள். ஒரு வாரம், அதற்கு மேலும் சில நாள் போனது. மெல்ல மெல்லக் கிட்டத்தில் உள்ளது தெரிய ஆரம்பித்தது. மருந்தின் வேகம் தானாகக் குறைந்திருக்கிறது என்று இப்போது தெரியும். அன்றைக்கு அம்மன் கண் திறந்தாள் என்றார்கள். பதுளையில் போய் வெள்ளியில் செய்த கண் ஒரு சோடி வாங்கிவந்தேன். தோட்டத்துக் கோயிலில் பூசாரி அதை அம்மன் முகத்தில் ஒட்டவைத்துத் தீபம் காட்டினார். மனைவி விம்மினாள். நான் கையைக் கூப்பிக்கொண்டு அம்மன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகள் மறுபடி அந்தக் கனமான கண்ணாடியைப் போட்டாள். ஆவணி ஜாக்கெட்டுகளை முடித்தாள்.

பரீட்சை முடிவு வந்தது. எல்லாப் பாடத்திலும் நல்ல சித்தி. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் லயத்தில் இருந்து உயர்தரத்துக்குப் போகிற முதல் பெண்பிள்ளை அவள். வெள்ளைச் சீருடையை மனைவி இரண்டு முறை துவைத்துக் காயப்போட்டாள், புதுத் துணியை ஏன் துவைக்கிறாய் என்று கேட்டதற்கு, பாத்துக்கிட்டே இருக்கலாம்ல என்றாள்.

வகுப்பு தொடங்கிய பிறகு மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பின்வரிசையில் இருந்து முன்வரிசைக்கு மாறிவிட்டதாகச் சொன்னாள். பிறகு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவதாகச் சொன்னாள். கரும்பலகை சில நேரம் இரண்டாகத் தெரிகிறதாம். பின்னேரம் வரும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே படி ஏறி வருவாள். ஒருநாள் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் பேசாம நின்னுக்கிறேன்பா. கடைக்குத் தச்சுக் குடுத்துக்கிட்டு வீட்டுலயே இருந்துர்றேன். தைக்கிறதுக்குக் கிட்டத்துல தெரிஞ்சாப் போதும்தானே."

அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டால் அது கண்ணால் இல்லை, என் நாக்கால் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குக் கிளினிக்குக்குப் போவோம் என்று மட்டும் சொன்னேன். அந்த மருந்தா என்றாள். வேறு மருந்து கேட்போம் என்றேன்.

அதே டொக்டர்தான் இருந்தார். போன தடவை தந்த கிளினிக் துண்டைப் பார்த்தார், மகளுடைய மூக்கில் இருந்த கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என்னிடம் கேட்காமலே தமிழ் மிஸ்ஸைக் கூப்பிட்டார். மிஸ் நடுத்தர வயது. குரல் பெரிது. வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மிஸ் சொல்லச் சொல்ல எல்லாம் விளங்கியது. கண்ணுக்குள் ஒரு தசை இருக்கிறது. கிட்டத்தில் பார்க்கும்போது அது இறுகும், தூரத்தில் பார்க்கும்போது தளரும். நாள் முழுதும் மணியையே பார்த்ததால் அந்தத் தசை இறுகின இறுக்கத்தில் பிடித்துக்கொண்டது, விடமாட்டேன் என்கிறது. அதனால்தான் தூரம் மங்குகிறது. கண் கெடவில்லை, உண்மையான பார்வைக் குறைவும் இல்லை. அது தெரியாமல் கண்ணாடி போட்டால், கண்ணாடி தூரத்தைத் தெளிவாக்கும், ஆனால் கிட்டத்தில் பார்க்கத் தசை இன்னும் இறுக வேண்டிவரும். மருந்து அந்தத் தசையைப் பிடித்து இளக்குகிறது. இளகி இருக்கிற நாட்களில் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இடையில் நிறுத்தினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

"இதெல்லாம் அன்னைக்கே ஒங்க அப்பாகிட்ட டொக்டர் சொன்னாங்களே. பின்ன ஏன் மருந்த நிப்பாட்டுனீங்க?" என்று மிஸ் கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா சொன்னாரு மிஸ். நான்தான் பயந்துகிட்டு நிப்பாட்டிட்டேன்."

மிஸ் அவளைத் திட்டினார். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இந்தப் புத்தி இல்லையா, பாவம் அப்பா வேலையை விட்டுவிட்டு அலைகிறார், உனக்கு விளையாட்டாக இருக்கிறதா என்று கேட்டார். வரிசையில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். மகள் பேசாமல் வாங்கிக்கொண்டாள். இல்லை மிஸ், தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு வாக்கியம்தான் வேண்டும்.   டொக்டர் கடைசியில் என்னைப் பார்த்துத் தேருணாத என்று கேட்டபோது, பழக்கத்தில் என் வாய் ஹரி நோனா என்றது.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் இருந்தாள்.  ஹாலிஎலை தாண்டியதும், கோபமே இல்லாமல், "இனிமே ஆஸ்பத்திரியில நான் பேசுறேன்பா" என்றாள்.

இந்தத் தடவை மருந்தை முறையாக விட்டோம். பழைய கண்ணாடி இரண்டையும் மனைவி துணியில் சுற்றி மேலே வைத்துவிட்டாள். கிட்டத்தில் பார்ப்பதற்கு வேறு கண்ணாடி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் முதல் வாரங்களில் வாசிப்பையும் தையலையும் முடிந்தவரை விடச் சொன்னார்கள். போனைக் கையில் எடுக்கக் கூடாது. தூரத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாத முதல் நாட்களில், வெளிச்சம் கூசாமல் இருக்கப் பகலில் குடை பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்ப்பாள். மழை இல்லாத நாளில் வாசலில் குடை எதற்கு என்று லயத்தில் கேட்டார்கள். சீமாட்டி வெயில் படாம வளருறா என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா. அவரே மத்தியானத்தில் வந்து மகளுக்குக் கூந்தல் வாரிவிட்டும் போவார்.

ஆவணிக்குப் பிறகு வாங்கி, அரைகுறையாக நின்ற ஒரு ஜாக்கெட்டையும் தொடாத ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு பண்டாரவளைக்குப் போனேன். கடை வாசலில் நின்று, ஆட்கள் போகும்வரை காத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் கடை அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன அண்ணே, கல்யாணத்துக்குக் கிட்டத்துல கொண்டாந்து நீட்டுறீங்க. புள்ளைக்கு முடியலன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற ஆள்கிட்ட குடுத்திருப்பேனே. நானா வற்புறுத்துனேன்?"

"இல்லங்கம்மா" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு கோபப்படவில்லை. மகளுக்குக் கண் எப்படி என்று விசாரித்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்மேல் போட்டு வைத்திருந்த பழி, திரும்பும்போது என் கூடவே பஸ் ஏறியது. மகளுடைய கண்ணைக் கெடுத்தவர் யாரும் இல்லை. கேட்டவர்களுக்கு நான் சரி சொன்னேன், அவ்வளவுதான் நடந்தது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர்மார் நல்லவர்கள். அவள் திரும்பிப் போனதும், எழுத வேண்டாம், கேட்டுக்கொண்டு இரு என்று சொன்னார்கள். கூடப் படிக்கும் பிள்ளையின் கொப்பியை வாங்கிவருவாள். அதை வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் வேண்டும். மனைவிக்கு எழுத்து தெரியாது. ஸ்டோரில் இருந்து வந்து கைகால் கழுவியதும் நான் வரலாற்றுக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்காருவேன். முதல் நாள் ஒரு பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. நீளமான சொற்களை எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் நடுவில் உடைத்துவிடுவேன். மகள் சிரிப்பாள். "அப்பா, அந்த ராசா செத்துட்டாரா, உசுரோட இருக்காரா, ஒழுங்கா சொல்லுங்க" என்பாள். அவள் சிரிக்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கொஞ்ச நேரம்தான். கிளினிக்கில் நடந்ததைப் பற்றி அவள் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். கேட்காத பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது.

இடையில் இரண்டு முறை கிளினிக்குக்குப் போனோம். மருந்தை ஒரேயடியாக நிறுத்தாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்தார்கள். மருந்து குறையக் குறைய, தூரம் மங்கவில்லை. தலைவலி நின்றது. கடைசியாகப் போனது மார்கழியில். நம்பர் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன்.

"நீங்க வெளிய இருங்கப்பா" என்றாள்.

அவள் கடுமையாகச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டொக்டர் பேசுவதும் இவள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதும் கேட்டது. சிங்களத்தில் கேட்டாள். விளங்காத இடத்தில் மிஸ்ஸிடம் தமிழில் கேட்டாள். ஒரே விஷயத்தைத் திரும்பவும் கேட்டாள். டொக்டர் திரும்பவும் சொன்னார். யாரும் அவளைத் திமிர் என்று சொல்லவில்லை. நேரம் ஆகிறது என்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து, சரியாகிவிட்டது, தூரத்துக்குக் கண்ணாடி வேண்டியதில்லை என்றாள். வாசிக்கும்போது இடையிடையே நிமிர்ந்து தூரம் பார்க்க வேண்டும், வெளிச்சம் போதாத இடத்தில் தையல் கூடாது, தலைவலி வந்தால் உடனே வர வேண்டும். எல்லாவற்றையும் எனக்கு விளங்கும்படி நிதானமாகச் சொன்னாள். இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வழியில் ஒரு மரத்தடியில் நான் நின்றுவிட்டேன். இத்தனை நாள் வராதது அன்றைக்கு வந்தது.

"மகள், அந்த மொத நாளு டொக்டர் சொன்னாங்க. எனக்குத்தான் வெளங்கல. ஒன்கிட்ட இல்லன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்பா" என்றாள்.

மிஸ் சொன்னபோதுதானே தெரிந்தது என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கு நான் கதவுகிட்டதானே ஒக்காந்திருந்தேன். கிட்டத்துல தெரியாது, பயப்பட வேணாம்னு அவங்க சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. மறுநாள் நீங்க ஒண்ணும் சொல்லலேன்னு சொன்னதும், சரி, நமக்குத்தான் சிங்களம் தப்பா வெளங்கியிருக்குன்னு நெனச்சிக்கிட்டேன். ஒங்க கிட்டதானே சொன்னாங்க, ஒங்களுக்குத்தானே தெரியும்னு."

அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். பிறகு, வாங்கப்பா, நிக்காதீங்க என்று முன்னால் நடந்தாள்.

தன் காதில் விழுந்ததைத் தள்ளிவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஐந்தாம் வகுப்பு படித்தவன் வார்த்தையை. அதை நம்பித்தான் மருந்தை நிறுத்தினாள், பள்ளிக்கூடத்தையும் விடப் பார்த்தாள். இனிமேல் அப்படி நம்பமாட்டாள். நம்பவும் கூடாது, நான் வெளியே பெஞ்சில் இருப்பதுதான் சரி. அது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அவள் கண் சரியாகிவிட்டது என்று தோட்டத்தில் எல்லோரும் வந்து கேட்டுச் சந்தோஷப்படும்போது, அவளிடம் முன்பு இருந்த ஒன்று திரும்பி வராது என்பது எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு மரத்தடியில் அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை.  சொல்ல வராததால் எழுதினேன். இதை அவள் வாசிக்கட்டும் என்று மேசை மேலேயே வைக்கப்போகிறேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்.